மாடியில் வடிகஞ்சி, கீழே தங்கக் காகிதம்

குழாய் அடைப்பு எடுப்பவனை யாரும் நல்ல செய்தி சொல்லக் கூப்பிடுவதில்லை. எண்பதுகளில் பினாங்குக் கடைவீடுகளில் துருப்பிடித்த இரும்புக் குழாய்களைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அடைத்த சிங்க்கின் முன்னால் நின்று விழித்த அன்பர்களே, என் பாடும் உங்கள் பாடும் ஒன்றுதான்.

ரோஷக்காரக் குழாய்

மங்களம் அக்கா மாடியில் சமைத்து, ஆபீஸ்காரர்களுக்குத் தூக்குச்சட்டியில் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தார். கீழே வீட்டுக்காரச் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, அவருடைய கடை. சீனர்கள் சாமிக்கு எரிக்கும் தங்கக் காகிதம் உத்தரம் வரை அடுக்கியிருக்கும். ஒருநாள் அக்காவின் சிங்க்கிலிருந்து ஒழுகிய தண்ணீர் அந்தக் காகிதத்தில் இறங்கிவிட்டது. இன்னொரு சொட்டு விழுந்தால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று தவுக்கே சொல்லிவிட்டார். வீடு போனால் அடுப்பும் போச்சு, பிழைப்பும் போச்சு.

நான் குனிந்து பார்த்தேன். சிங்க்குக்கு அடியில் வளைந்து போகும் குழாய் சூட்டில் இளகித் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் பெரிய பானைச் சோற்றை வடித்து, கஞ்சியை ஆவி பறக்க நேரே அதில்தான் ஊற்றியிருக்கிறார். புதுசு மாட்டிவிட்டு, "ஆறவச்சு வாளியில ஊத்துங்கக்கா" என்றேன். அக்கா அந்தக் குழாயை முறைத்தார். "இரும்பா இருந்தப்ப இத்தனை வருஷம் கொதிக்கக் கொதிக்க ஊத்துனேன், ஒரு பேச்சு இல்ல. இதுக்கு மட்டும் என்ன தம்பி இவ்வளவு ரோஷம்?"

கேட்காத கேள்வி

அதே மாதம் ஓய்வுபெற்ற கிராணியார் ஒருவர் வீட்டில் அடைப்பு. யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர், மடிப்புக் கலையாத சட்டை. நான் போனதும் ரப்பர் பம்ப்பை வைத்து ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினேன். தண்ணீர் எகிறி மணிக்கட்டில் பட்டது, நெருப்பாய் எரிந்தது. ஓடிப்போய்க் குழாயடியில் கையை நீட்டி வெகுநேரம் கழுவினேன். கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! காலையிலேயே அடைப்பு எடுக்கும் பவுடரை உள்ளே கொட்டி வைத்திருக்கிறார் மனிதர். ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நிதானமாகச் சொன்னார்: "நீர் கேக்கேல்லையே தம்பி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

மூன்றாவது தடவை

சில வாரத்தில் அக்காவிடமிருந்து மறுபடி ஆள் வந்தது. சிங்க் நிறையத் தண்ணீர், இறங்கவே இல்லை. கீழே தவுக்கே கடையில் புதுச் சரக்கு வேறு வந்து இறங்கியிருந்தது.

"ஏதாச்சும் போட்டீங்களாக்கா?" இல்லை. "பவுடர்?" சத்தியமாக இல்லை. மணிக்கட்டுத் தழும்பைக் காட்டி மூன்றாவது தடவை கேட்டேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. "நேத்து ஒரு கரண்டி போட்டேன் தம்பி. உனக்குத் தெரிஞ்சா ஏசுவியோன்னு..."

நான் ஏசவில்லை, கேட்டதே நல்லது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தேன். கையுறையும் மோட்டார்சைக்கிள் ஓட்டும்போது கண்ணுக்குப் போடும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, தண்ணீரை மெல்ல மொண்டு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றினேன். இன்னொரு வாளியை அடியில் வைத்து, நட்டைக் கையாலேயே மெதுவாகத் திருகினேன். உள்ளே கஞ்சியும் நெய்யும் தேங்காய்த் துருவலும் சேர்ந்து கொழுக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தன. எடுத்துக் கழுவி, வாஷரைச் சரியாக உட்காரவைத்து, கையாலேயே முடுக்கினேன். ஸ்பானர் போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் விரிந்துவிடும்.

சிங்க்கை முட்ட நிரப்பித் திறந்துவிட்டேன். கீழே தவுக்கே ஸ்டூல் மேல் ஏறி, மேற்பலகையில் உள்ளங்கையை ஒட்டிக்கொண்டு நின்றார். அக்கா படிக்கட்டில் பாதி இறங்கி, கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். தண்ணீர் சுழித்து இறங்கி முடிந்தது. தவுக்கே கையைப் பார்த்தார், வேட்டி கட்டாதவர் என்பதால் கால்சட்டையில் ஒருதரம் துடைத்து, மறுபடி தடவிப் பார்த்தார். பிறகு எங்கள் தமிழைக் கொஞ்சம் கடன் வாங்கி, வாலில் பினாங்கு 'லா'வையும் ஒட்டிச் சத்தம் போட்டார்: "காய்ஞ்சி இருக்கு லா! போ, சோறு ஆக்கு! எனக்கும் ஒரு சட்டி!"

பிளாஸ்டிக் நட்டை முடுக்க வெறும் கை போதும், வீட்டுக்காரர்களிடமிருந்து உண்மையைக் கழற்றத்தான் எனக்கு இன்றுவரை ஸ்பானர் தேவைப்படுகிறது.