மூணு வாரம் பொறுத்துக்கோ

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த கையோடு, நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் தொடங்கிய கதை இது. என் கணவருக்கு மைன்ஸில் வேலை. வருடா வருடம் நடக்கும் மெடிக்கல் செக்கப்பில் அந்த முறை சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது, கொழுப்பு எல்லையைத் தாண்டியிருந்தது. சாப்பாட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ‘கொஞ்சம்’ என்ற வார்த்தை என் காதில் விழவே இல்லை.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அரிசி மூட்டை, சர்க்கரை டப்பா, மைதா, பிஸ்கட் எல்லாவற்றையும் வீட்டை விட்டு வெளியேற்றினேன். திங்கட்கிழமை காலை கேழ்வரகுக் கூழ். பதினோரு மணிக்கு முளைகட்டிய பயறு. மதியம் வரகரிசிச் சோறும் பச்சை முட்டைக்கோஸும். சாயந்திரம் கொண்டைக்கடலை. ராத்திரிக்குக் கம்பு தோசை. இரண்டு பேரும் கம்பும் சோளமும் விளைகிற விருதுநகர்ப் பக்கம் பிறந்தவர்கள்தான் என்றாலும், நினைவு தெரிந்த நாளாக மூன்று வேளையும் அரிசி தின்று வளர்ந்த வயிறுகள். ஒரே நாளில் தலைகீழாக மாற்றினால் அவை என்ன பாடுபடும் என்று யோசிக்கவில்லை.

நான்காம் நாளே ஆளுக்கொரு பானை வயிறு. ஏப்பம், இரைச்சல், இன்னும் சொல்லக் கூசுகிற எல்லாம். “இப்பல்லாம் ஷிஃப்ட் பஸ்ல ஜன்னலோர சீட் பாத்துத்தான் உக்கார்றேன், போதுமாம்மா?” என்று கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். என் புடவைக் கொசுவம் வயிற்றில் நிற்க மறுத்தது. பக்கத்து பிளாக் பெண்களோடு சாயந்திரம் வாக்கிங் போவதையே நிறுத்தினேன்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், பயறை நன்றாக ஊறவைத்து அவித்துச் சாப்பிட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும் என்று புரிந்தது. அப்படியே செய்தோம். ஒரு வேளைக்கு அரிசியும் திரும்பி வந்தது. சரியாக மூன்று வாரத்தில் வயிறு அடங்கியது.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. மறுபடி வாக்கிங் போகத் தொடங்கியதும் அந்தக் கூட்டத்தில் எனக்குப் புது மதிப்பு கிடைத்துவிட்டது. யாருக்கு வயிறு உப்பினாலும் என்னிடம்தான் கேட்டார்கள். நானும் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தேன். உடம்பு புதுச் சாப்பாட்டுக்குப் பழக வேண்டும், மூணு வாரம் பொறுத்துக்கோ. பலருக்கும் அது பலித்தது. பலிக்கப் பலிக்க என் தலை கனத்தது.

எங்கள் வீட்டில் எட்டு வருடமாக வேலை செய்தவள் டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் வடக்குத்து கிராமத்திலிருந்து வருவாள். ‘அவள்’ என்றே எழுதுகிறேன். எட்டு வருடமும் அப்படித்தான் பேசினேன், இப்போது மரியாதை கூட்டினால் பொய்யாகிவிடும். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். அவள் புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். ஒரே மகள், அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் வந்து எங்கள் வரிசையில் மூன்று வீடு பார்த்துவிட்டு, மதியம் வெயிலில் திரும்பிப் போவாள்.

முன்பெல்லாம் காலையில் அவளுக்கு நான்கு இட்லி வைப்பேன். நாங்கள் மாறிய பிறகு அவளுக்கும் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ். அவளுடைய ஆரோக்கியத்துக்கும் சேர்த்து நான்தான் பாடுபடுகிறேன் என்று எனக்கு நினைப்பு. அவள் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ரசித்துத்தான் குடித்தாள்.

பங்குனி மாதம் ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

“வவுறு உப்பிக்கினே இருக்குதுக்கா. ரெண்டு வாய் துன்னா போதும், ரொம்பிப் போனாப்புல ஆயிடுது.”

நான் சிரித்தேன். இந்த வியாதிக்கு டாக்டரே நான்தானே! கூழால் அப்படித்தான் இருக்கும், மூணு வாரம் பொறுத்துக்கோ என்றேன். அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கூழாக்கா? எங்கம்மா முந்திரிக் காட்டுக்கு வேலைக்குப் போவும்போது தூக்குல கேவுரு கூழுதான் எடுத்துக்கினு போவும். அதக் குடிச்சி வளந்த ஒடம்புக்கா இது. இப்பவும் ஆடி மாசம் எங்க தெருவுல ஊத்துறாங்க, வவுறு முட்டக் குடிக்கிறன். என்னிக்கும் ஒண்ணியும் பண்ணதில்லியே.”

நான் தெரிந்துகொள்ள வேண்டியது அத்தனையும் அவள் சொன்னதில் இருந்தது. எனக்குப் புதிதாக இருந்த சாப்பாடு அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழகியது. பழக வேண்டிய உடம்பு என்னுடையதுதான், அவளுடையது இல்லை. அப்படியானால் இந்த உப்புசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் கேட்கவில்லை. பதில்தான் சொன்னேன்.

“அது அப்போ. இத்தனை வருஷமா ரேஷன் அரிசிதானே சாப்பிடற? உடம்புக்குக் கூழ் மறந்து போயிருக்கும். திரும்பப் பழகும்.”

எவ்வளவு பொருத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. “நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அவளும் தேங்காய் நாரை எடுத்துத் துலக்க ஆரம்பித்தாள்.

மூன்று வாரம் போனது. சித்திரை வந்தது. அவள் கைகளும் தோளும் மெலிந்தன. ஜாக்கெட் தொளதொளவென்று தொங்கியது. வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனது. வழக்கமாகக் காய் வாங்குகிற இடத்தில் யாரோ, “இந்த வயசுல மறுபடியுமா?” என்று கேலி செய்திருக்கிறார்கள். அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அடுத்து சுக்கு, அடுத்து மோரில் பெருங்காயம். கூழை நிறுத்திவிட்டுப் பழையபடி இட்லியும் வைத்துப் பார்த்தேன். அதையும் ஒன்றரைக்கு மேல் அவளால் சாப்பிட முடியவில்லை. சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்து பார் என்றேன். மைல் கணக்கில் சைக்கிள் மிதித்து வந்து மூன்று வீடு துடைக்கிறவளிடம் நான் சொன்ன யோசனை அது.

இனி எழுதப்போவதுதான் எனக்கு வலிக்கிற இடம். வைகாசியில் ஒருநாள் அரை நாள் லீவு கேட்டாள்.

“கடலூருக்குப் போயி ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காமிச்சிட்டு வந்துடட்டுமாக்கா?”

அந்த வாரம் ஊரிலிருந்து என் தங்கை குடும்பத்தோடு வருவதாக இருந்தது. ஆறு பேர். பாத்திரம், துணி, வீடு எல்லாம் கண்முன் வந்தது. வாயுத் தொல்லைக்கெல்லாம் போனால் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள், வீண் அலைச்சல், தங்கை குடும்பம் வந்து போகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னேன், அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை. தங்கை வந்தாள், போனாள். அடுத்த வாரம் அவள் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

ஆனி மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் கூடத்தைப் பெருக்கக் குனிந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. ஓடிப்போய்ப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் நாற்காலியில் உட்காரத் தயங்கினாள், அந்த நிலைமையிலும். என்ன தோன்றியதோ, அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். எட்டு வருடத்தில் அவளை அப்படி நான் தொட்டது அதுதான் முதல் தடவை. தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியதுபோல இருந்தது. இது வாயு இல்லை என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

ஆட்டோ வைத்துக் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். குறிஞ்சிப்பாடி தாண்டும்போது, இன்னும் இரண்டு வீட்டுக்குச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று கவலைப்பட்டாள். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு மேல் என்றாள். டாக்டரம்மாவின் முகம் மாறியது.

“மூணு மாசமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

அவள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நான்தான் தடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளே பதில் சொன்னாள்.

“சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சி நாந்தாங்க வுட்டுட்டன்.”

ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் இருந்தது நீர். சினைப்பையில் கட்டி, அது வெளியேயும் பரவியிருந்தது. புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், முன்னாடியே வந்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாமா என்று கேட்டேன். இது பலருக்கும் தெரியவருவதே தாமதமாகத்தான், உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றார். ஆனால் பெண்களுக்கு வாரக்கணக்கில் உப்புசம் போகாமல் இருந்தால், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோனால், வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றும் சொன்னார். முதலில் சொன்னதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளப் பல தடவை முயன்றுவிட்டேன். முடியவில்லை.

வைத்தியம் நடந்தது. நீரை எடுப்பார்கள், திரும்பவும் சேரும். தலைமுடி கொட்டியது. கார்த்திகையில் ஒருநாள் வடக்குத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். ஆப்பிள், ஆரஞ்சு என்று பை நிறைய வாங்கிப் போயிருந்தேன். எதுவும் வேண்டாமாம். “கேவுரு கூழு இருந்தா கொஞ்சம் எடுத்தாங்கக்கா, நீங்க கரைக்கிற மாதிரியே” என்று கேட்டாள். மறுநாள் காலை கரைத்து, மோர் ஊற்றி, தூக்கில் எடுத்துப் போனேன். மகள் முதுகைத் தாங்கிப் பிடிக்க, இரண்டு மடக்கு குடித்தாள். மூன்றாவது மடக்கு இறங்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, எதையோ ஜெயித்துவிட்ட சின்னச் சிரிப்போடு சொன்னாள்.

“பாத்தீங்களாக்கா, கேவுரு எனக்கு என்னிக்கும் ஒண்ணியும் பண்ணதில்ல.”

குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவள். தன் வயிற்றுக்காக, தன் அம்மா கொடுத்த கூழுக்காகச் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். காலி ஆகாத தூக்கை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுச் சமையலறையில் வெகுநேரம் அழுதேன்.

அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை.

காரியத்தன்று போயிருந்தேன். கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்த என்னை அவள் மகள் கையைப் பிடித்து இழுத்துப்போய், சொந்தக்காரர்கள் முன் நிறுத்தினாள். “இவங்கதான் அம்மாவ மொதமொத ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனாங்க” என்றாள். வயதான ஒருவர் எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மறுபடியும் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. அதையும் விட்டுவிட்டேன். கணவரிடம்கூட அந்த அரை நாள் லீவு பற்றி நான் சொன்னதில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

கணவருக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கேழ்வரகு எங்கள் வீட்டில் உண்டு, கூழ் மட்டும் கரைப்பதில்லை. வாக்கிங்கில் யாராவது வயிறு உப்புசம் என்று ஆரம்பித்தால் பழைய பதில் இன்றும் என் நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. அதை விழுங்கிவிட்டு, ‘எத்தனை நாளா இருக்கு?’ என்று மட்டும் கேட்கிறேன். எட்டு வருடம் என் கண்ணெதிரே நடமாடியவளிடம் ஒருமுறைகூட நான் கேட்காத கேள்வி அது.