கூட்டேரிப்பட்டில் வடித்த ஆயில்

பேரனுடைய பழைய டீசல் காரோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். அது ஓடியிருக்கிற கிலோமீட்டரை வாய்விட்டுச் சொன்னால் நமக்கே மூச்சு வாங்கும். "இவ்ளோ ஓடின வண்டிக்கு எத்தினி கிலோமீட்டருக்கு ஒரு தபா ஆயில் மாத்தணும்?" என்று பேரன் கேட்டான். மெக்கானிக் ஒன்று சொல்ல, பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் வேறொன்று சொல்ல, பஞ்சாயத்தே கூடிவிட்டது. அதற்குள் காருக்கு அடியில் நட்டைக் கழற்றியாயிற்று. சூடான கறுப்பு ஆயில் வடிந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் காதில் கல்யாண மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது. சிரிக்காதீர்கள். எல்லாருக்கும் கல்யாணம் என்றால் மல்லிகை வாசனை. எனக்கு இது.

இரண்டாம் உலக யுத்த காலம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிய பஸ்ஸில் நான் கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காமல் மற்ற பஸ்களெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓட, எங்கள் முதலாளி மட்டும் மதராஸில் யாரோ ஓட்டித் தேய்த்த டீசல் பஸ் ஒன்றை வாங்கி வந்திருந்தார். எத்தனை மைல் ஓடியதென்று அந்த மயிலம் முருகனுக்குத்தான் வெளிச்சம்; மைல் காட்டும் மீட்டர் எங்களிடம் வரும்போதே செத்திருந்தது. அப்புறம் ஆயில் மாற்ற என்ன கணக்கு என்கிறீர்களா? அமாவாசைதான் கணக்கு. அன்று பஸ்ஸுக்குக் குளியல், குங்குமம், பூசணிக்காய், புது ஆயில்.

டிரைவர் துரைக்கண்ணு அண்ணன் இன்ஜினில் ஆயில் அளக்கும் குச்சியை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார். "டீசல் இன்ஜின்ல ஊத்தின அன்னிக்கே கறுத்துரும்டா. ஆயிலுக்கும் மாப்ளைக்கும் நெறத்தப் பாக்கக் கூடாது. வழவழப்பு கீதான்னு பாரு" என்பார். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. என் நிறமும் அந்தக் குச்சியில் ஒட்டிய நிறம்தான். அதனால் அவர் சொன்னதில் பாதியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

வடித்த ஆயிலை நாங்கள் கொட்டியதே இல்லை. வழியிலுள்ள ஊர்களுக்கு முறை வைத்துக் கொடுப்போம், திருவிழாக் கூழ் மாதிரி. விளக்கெண்ணெய் விற்ற விலையில் மாட்டுவண்டி அச்சுக்கு மை போட யாரால் முடியும்? வைக்கோல் சாம்பலை எங்கள் கறுப்பு ஆயிலில் குழைத்துப் பூசினால் சக்கரம் வாயை மூடிக்கொண்டு உருளும். பூசாவிட்டால் ஊரையே எழுப்பும்.

அந்தத் தை மாதம் கூட்டேரிப்பட்டின் முறை. புது ஆயிலோ குதிரைக்கொம்பாகியிருந்தது. "இந்த அமாவாசி வாணாம், அடுத்ததுக்குப் பாத்துக்கலாம்" என்று முதலாளி தள்ளிப்போட்டார். இருந்த ஒரே டின்னை டிரைவர் சீட்டுக்கடியில் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். துரைக்கண்ணு அண்ணன் தினமும் முனகுவார். "ஆயிலு தண்ணியாப் பூட்ச்சி மொதலாளி. இன்ஜின் சிக்கிக்கிச்சின்னா அப்புறம் இதுல கோழி அடைக்கத்தான் ஆவும்."

அதற்குள் என் கல்யாணம் வந்துவிட்டது. பெண் திண்டிவனம், பெயர் அஞ்சலை. விடிந்ததும் எங்கள் பஸ்ஸிலேயே மாப்பிள்ளை வீட்டார் கிளம்பினோம். முன் சீட்டில் முதலாளி. மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் பட்டுத் துண்டும் மாலையுமாக நான். விக்கிரவாண்டி தாண்டியதுமே இன்ஜின் இருமத் தொடங்கியது. கூட்டேரிப்பட்டில் பார்த்தால், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய வண்டிகள் சாலைக்குக் குறுக்கே வரிசையாக நின்றன. முன்னால் வண்டிக்கார ஏழுமலை, கையில் காலி மண்சட்டி.

"எங்க மொற ஆயில வடிச்சிக் குட்த்துட்டுப் போங்க."

"அமாவாசிக்கு இன்னும் நாளு கீதுப்பா" என்றார் முதலாளி.

"அமாவாசி வானத்துக்கு மொதலாளி, எங்க அச்சுக்கு இல்ல. சக்கரம் கத்தற கத்துல மாடு மெரண்டு ஓடுது. எங்களுக்கு ஆயில் வோணும், உங்களுக்கு ரோடு வோணும். பேசி முடிச்சிக்கலாம்."

"டேய், முகூர்த்தம் பூடும்டா!" என்று பின்னாலிருந்து என் அம்மா அலறினாள்.

துரைக்கண்ணு அண்ணன் இறங்கிப்போய்க் குச்சியை உருவிவந்து, முதலாளியின் விரலில் ஒரு சொட்டு வைத்தார். முதலாளி தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. அவர் முகம் சுருங்கி, பிறகு மெல்லச் சிரிப்பாக விரிந்தது. "கல்யாணத்துல கோழி அடைக்க வாணாம்" என்று இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

அடி நட்டைக் கழற்றுவது எப்போதும் கண்டக்டர் வேலை. அந்தப் பாழாய்ப்போன நட்டு என் கைக்கு மட்டும்தான் மசியும். மாலையைக் கழற்றி அம்மா கழுத்தில் போட்டுவிட்டு, மாப்பிள்ளை நான் பஸ்ஸுக்கு அடியில் படுத்தேன். பெண்கள் இறங்கிவந்து சுற்றி நின்று நலங்குப் பாட்டு பாடினார்கள். மணமகனுக்கா பஸ்ஸுக்கா என்று இன்றுவரை தெரியாது. "ஜல்தி" என்று நான் கத்த, "வடியட்டும் மாப்ளே, கடேசிச் சொட்டுலதான் அழுக்கு கீது" என்று துரைக்கண்ணு அண்ணன் பீடி பற்றவைத்தார். சட்டிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. டின்னிலிருந்த புது ஆயிலை ஊற்றி முடித்ததும் ஏழுமலையின் ஆட்களே பஸ்ஸைத் தள்ளிவிட்டார்கள். ஓடிவந்துகொண்டே ஏழுமலை கத்தினான்: "ஆம்பளப் புள்ள பொறக்கும், போ!"

இன்ஜின் பால் குடித்த பூனைபோல முனகிக்கொண்டு திண்டிவனம் சேர்ந்தது. மேளக்காரர்கள் வாசித்ததையே மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் மாமா கடித்துக் குதறும் முன் என்னை மணையில் உட்காரவைத்தார்கள். மண்ணும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தும் கை வெளுக்கவில்லை. மஞ்சள் கயிற்றில் மூன்றாவது முடிச்சுக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்தது. அஞ்சலை குனிந்து பார்த்தாள். "அடையாளம் வெச்சிட்டாரு, இனிமே மாத்த முடியாது" என்றாள். பந்தலே சிரித்தது. பிறந்தது என்னவோ பெண்தான். அது வேறு விஷயம்.

ஒர்க்‌ஷாப்பில் வடிந்த ஆயிலை மெக்கானிக் பீப்பாயில் ஊற்றி மூடினான். நான் என்னையறியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்குத் தாத்தா காத்துக்கினு இருக்கீங்க?" என்றான் பேரன்.

கூட்டேரிப்பட்டில் இப்போது கார்கள் நிற்காமல் பறக்கின்றன. கத்துவதற்கு மரச் சக்கரமும் இல்லை, மறிப்பதற்கு ஏழுமலையும் இல்லை. சட்டியோடு வருகிற அந்த வழக்கமே ஒழிந்துபோயிற்று.

"மெக்கானிக் சொன்ன கணக்குக்கு முன்னாடியே மாத்திருடா" என்றேன். "எங்களுக்கு ரோட்ட மறிச்சி ஞாபகப்படுத்த ஆள் இருந்திச்சி. உனக்கு நீயேதான்."