பெருமுக்கலுக்குப் போய்த் திரும்பிய ஓட்டு

2006 சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, பன்னிரண்டு சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன். பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த கதை அதில் இருந்தது. மகளிர் குழுக்களுக்குக் கூட்டம் நடத்துவது அப்போது என் வேலை. இந்தக் கதையைச் சொல்லலாம் என்று முந்திரிக்கொட்டை மாதிரி யோசனை சொன்னவளும் நான்தான். எழுதி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

முதல் நாள் பதினோரு மணிக்குப் போய் நின்றேன். ஈ காக்கை இல்லை. உப்பு வாருகிறவர்கள் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் இது தெரியாத ஒரே ஆள் நான். காவலுக்கு இருந்தவர், "இன்னாம்மா, சினிமா போஸ்டரா?" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது? பேசாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் அவர்கள் கூழ் குடிக்க உட்காரும் நேரம் பார்த்துப் போனேன். கொட்டகையில் சார்ட்டை மாட்டக் கடல்காற்று விடவில்லை. ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கையில் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நிற்க, நான் ஒவ்வொருவராகப் போய்ப் படித்துச் சொன்னேன்.

1921-லேயே மதராஸ் மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது, ஆனால் சொத்து இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றேன். "அப்ப அளத்துக்காரரு ஊட்டம்மாவுக்கு இருந்திருக்கும், நமக்கு ஏது?" என்றது ஒரு குரல். நான் இரண்டு பத்தி எழுதியிருந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஐந்தாவது சார்ட்டைப் பிடித்திருந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. "நான் புடிச்சினு இருக்கறதுல இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டார். படித்தேன். சுதந்திரம் வந்து முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வடக்கே நிறையப் பெண்கள் வெளியாளிடம் சொந்தப் பேரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே சொன்னார்கள். பேர் இல்லாதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். "தன் பேரச் சொல்ல இன்னா வெக்கம்? புருசன் பேரச் சொல்லமாட்டேன்னா அது நாயம்!"

அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கும் அப்டித்தான் போச்சு" என்றார்.

இரண்டு வருஷம் முன்பு, பார்லிமெண்ட் தேர்தலில் நடந்தது. ஓட்டுக் கார்டுக்குப் போட்டோ எடுத்த அன்று அளத்தில் இருந்ததால் அவருக்குக் கார்டு இல்லை. ஒரே தெருவில் அதே பேரில் இன்னொரு பெண். பூத்தில் இருந்த வெளியூர் அதிகாரி, யார் என்று தெரிந்துகொள்ளப் புருஷன் பேரைக் கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போல, "பெருமுக்கல் மலைமேல இருக்காரே, அவரு" என்றிருக்கிறார். அந்த மலைக்கோயில் சாமியின் பேர்தான் வீட்டுக்காரருக்கு. உள்ளூர் ஆளாக இருந்தால் சட்டென்று புரிந்திருக்கும். அந்த மனிதரோ, புருஷன் பெருமுக்கலில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "அப்ப உங்க ஓட்டு அங்கதாம்மா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

"கவர்மெண்ட்டு ஆளு சொல்றாரே, தப்பா சொல்வாரான்னு பஸ்ஸு ஏறிப் போனேன். அங்க லிஸ்ட்ட பொரட்டிட்டு இல்லன்னுட்டாங்க. திரும்பி வர்றதுக்குள்ள இங்க பூத்து கேட்ட சாத்திட்டாங்க. மை இல்லாத வெரல முந்தானையில மறச்சிக்கினு ஒரு வாரம் திரிஞ்சேம்மா."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பேரைச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேக்கா! சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்று கத்திவிட்டேன். உடனே ஒருவர், "நீ மொதல்ல கல்யாணம் கட்டு, அப்பாலிக்கா வந்து பேசு" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பொம்பளைங்க அப்புறம் இன்னா ஆனாங்க?"

நான் அதை எழுதவே இல்லை. ஆறாவது சார்ட்டில் நேராகப் பெண் மந்திரிகளுக்குத் தாவியிருந்தேன். "அடுத்த தடவ நெறையப் பேரு சொந்தப் பேரக் குடுத்துப் பட்டியல்ல ஏறிட்டாங்கக்கா" என்றேன்.

"வாயி வந்துச்சா அவங்களுக்கு?"

"வந்திருக்கும்க்கா."

"அப்ப எனக்கும் வரும்" என்றார். வீட்டுக்காரர் பேரைச் சீட்டில் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம். சீட்டக் காட்டுனா நீ சொன்னதாத்தான் ஆவும். என் ஓட்டுக்கு நான்தான் வாயத் தொறக்கணும்."

அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "அளத்துல தனியா நின்னு சொல்லிப் பாக்கறேன், பாதியில நிக்குது. அவராண்டயே கேட்டுட்டேன். சொல்லித் தொல, நான் ஒண்ணும் சாவமாட்டேன்னாரு" என்று சிரிப்பார்.

எனக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. தேர்தலன்று பெண்கள் வரிசையில் அவருக்கு இரண்டு பேர் பின்னால் நின்றேன். பக்கத்து வரிசையில், வாசற்படியருகே அவர் வீட்டுக்காரர். இந்த முறையும் கார்டு இல்லை, இந்த முறையும் வெளியூர் அதிகாரி.

"வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

அக்கா அசையாமல் நின்றார். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அந்தப் பேர் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிடலாமா என்று துடித்துப்போனேன். ஜென்மத்தில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அவர் கண்ணை இறுக்கி மூடினார். அளத்தின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிடும் குரலில், முழுப்பேரையும் சொன்னார்.

"இன்னாடி?" என்று ஆண்கள் வரிசையிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தார் வீட்டுக்காரர்.

பள்ளிக்கூடமே சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே பட்டியலில் கோடு போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் மை காயாத விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அந்த அஞ்சாவது பேப்பர்ல கீழ எடம் இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"அந்தப் பொம்பளைங்க அப்பாலிக்கா இன்னா ஆனாங்கன்னு எழுது. அதுக்குக் கீழ என்னயும் எழுது. இன்னாரு பொண்டாட்டின்னு எழுதாத."

அன்று சாயங்காலமே எழுதினேன். அவர் பேர் மட்டும், தூரத்திலிருந்து தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.