மெதுவாக வாசிக்க வேண்டிய செபம்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வாத்தியாராக இருந்தபோது, ஓர் அம்மாள் மாலையில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்த கையோடு செபப் புத்தகத்துடன் பள்ளிக்கூடம் வருவார். கூடைக்கயிறு அழுத்தி உச்சந்தலை வழுக்கையாகியிருந்தது. விடியுமுன்னே, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க ஓடுகிறவர். எழுத்து தெரியாது.

"சாமியார் மாசத்துக்கு ஒருக்காத்தான் வர்றாரு. அதுவரைக்கும் பொணத்த வச்சிருக்க மாட்டாங்க. என்னயக் குழியில எறக்குறப்ப நீங்கதான் வாசிக்கணுங்க, மாஸ்டர்."

"நான் சைவ சமயம், அம்மா."

"வாசிக்கத் தெரியுமில்லீங்களா?"

வாரந்தோறும் ஒத்திகை நடந்தது. செபம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஒரு வரி விட்டாலும் கையைத் தூக்குவார். ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஓட்டமாக வாசித்தேன்.

"மெதுவா வாசிங்க. அன்னைக்கு எனக்குப் பெரட்டு இல்ல."

அடுத்த மாதம் எனக்கு மாற்றல் வந்தது. அவருக்கு யார் வாசித்தார்களோ, மெதுவாக வாசித்தார்களோ.