சாரன் துணியும் என் மணிக்கட்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மணிக்கட்டில் ஒரு வட்டம் சிவந்து அரிக்கத் தொடங்கியது. கல்முனைப் பக்கத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கைத்தறி. நான் நூலுக்குச் சாயம் போடுகிறவள். கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் தொல்லை. அவருடைய உம்மா, நான் மாமி என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தவர், அந்த வட்டத்தைக் கண்டுவிட்டார்.

"இது சுகமாகட்டும், பொறகு கலியாணத்தக் கதைப்பம்," என்றார்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். ஆகவே என் தோல் என் சொந்த விஷயமாக இருக்கவில்லை.

கிளினிக்கில் தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். பங்கசு, அதாவது தோலில் படரும் பூஞ்சை, நூல்நூலாகத் தெரிகிறது என்றார் பரிசோதிப்பவர். மருந்து பூசினேன். மறுபடி பார்த்தார்கள், நூல் இருந்தது. குளிசை விழுங்கினேன். நூல் இன்னும் செழிப்பாக இருந்தது. வீட்டில் என் உம்மா எனக்குக் கோப்பையையும் பாயையும் வேறாக்கினார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஒருநாள் என்னோடும் உம்மாவோடும் மாமியும் கிளினிக்குக்கு வந்தார். "இவங்கட ஊட்டுல தேத்தண்ணி குடிச்ச நாள்ல இரிந்து எனக்கும் அரிக்கிது டொக்டர். என்ட கையையும் பாருங்க," என்றார். அவர் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. சுரண்டினார்கள். பங்கசு இருந்தது. மாமி எழும்பி என்னிடமிருந்து தள்ளியிருந்த கதிரைக்கு மாறினார்.

டொக்டர் நிதானமான மனுசன். தன் கையையும் சுரண்டக் கொடுத்தார். அவருக்கும் பங்கசு. பிறகு தோலே வைக்காமல் வெறும் மருந்துச் சொட்டைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்கும் பங்கசு.

"கண்ணாடிய எதால துடைக்கிறீங்க?"

பரிசோதிப்பவர் மேசை லாச்சியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணியை எடுத்துக் காட்டினார். ஆண்கள் இடுப்பில் உடுக்கும் பழைய கைத்தறிச் சாரனில் கிழித்தது. சுத்தமாகத் துவைத்திருந்தது. எங்கள் ஊரில் மூக்குக்கண்ணாடி முதல் குழந்தையின் மூக்கு வரை அதால்தான் துடைப்பார்கள். அதன் பஞ்சிழைகள் கண்ணாடியில் ஒட்டி, மருந்தில் ஊறி, பங்கசாகக் காட்சி தந்திருக்கின்றன. இத்தனை நாளும் ஒரு சாரனுக்காக நான் குளிசை விழுங்கியிருக்கிறேன்.

துடைக்காத புதுக் கண்ணாடியில் எனக்கு ஒன்றும் இல்லை. "சாயத்தண்ணிக்குள்ள கை வைக்காதீங்க, தானா மாறும்," என்றார் டொக்டர். மாறியது.

மாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். "புள்ளைக்கு ஒண்டுமில்லதானே. இனி நாளக் குறிப்பம்," என்றார், ஏதோ அவர் மன்னித்துவிட்டது போல. நான் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தேன்.

"மாமி, வந்து இரிக்கப் போறது அவர்தானே. அவர்ட கையையும் ஒருக்காச் சுரண்டிப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க."

உம்மா என்னைக் கிள்ளினார். மாமி தேத்தண்ணியைத் தொடாமல் போனார். அன்றிரவு எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வந்தார். வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்து, நான் நின்ற கதவுப் பக்கம் நீட்டினார். மணிக்கட்டில் சுரண்டிய இடம் சிவந்திருந்தது.

"ஒண்டும் இல்லயாம்," என்றார். "புதுக் கண்ணாடிலதான் பார்த்தாங்க."