பலகையில் எழுதியது

எட்டு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் அவருக்குச் ‘சொட்டு சார்’ என்று பெயர். முப்பது வருஷம் பதிவு அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் கட்டடத்துக்குச் செயலாளர் ஆனவர். மாடிப்படி விளக்கு பகலில் எரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. யார் வீட்டுக் குழாயாவது ஒழுகுகிறது என்று காதில் விழுந்தால், கூப்பிடாமலே ஸ்பேனரோடு போய் நிற்பார். பெயரை வைத்தது பிள்ளைகள்தான். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

அந்தக் கோடையில், காலையில் நிரப்பிய மேல்தொட்டி மதியத்துக்குள் தரை தட்டத் தொடங்கியது. ஒரு தடவை ஓடிய மோட்டார் மூன்று தடவை ஓடியது. யார் வீட்டில் இப்படித் தண்ணீர் போகிறது என்று அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் கொடியில் தினமும் நாலைந்து படுக்கை விரிப்புகள் தொங்கின. அது போதுமாக இருந்தது அவருக்கு.

“ஏங்க, நம்ம கக்கூஸ்லயே சலசலன்னு ஏதோ சத்தம் கேக்குது. முதல்ல அதைப் பாருங்க” என்றாள் மனைவி.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்றார். காது மந்தமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்ததை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

மாடிப்படி அடியில் இருந்த அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘கீழ்வீட்டில் தினமும் மூட்டை மூட்டையாகத் துணி துவைப்பதால் தண்ணீர் பற்றவில்லை. மற்றவர்களையும் நினைத்துப் பார்க்கவும்.’

தையல்காரம்மா அதைப் படித்தாள். மறுநாளிலிருந்து கொடி காலியாக இருந்தது. தொட்டியும் காலியாகத்தான் இருந்தது.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு பிளம்பரை வரவழைத்தார். பிளம்பர் எல்லோரிடமும் அரைமணி நேரம் குழாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி, மொட்டை மாடியில் ஒவ்வொரு வீட்டு வால்வாக மூடிப் பார்த்தார். ஏழாவதை மூடியதும் தொட்டியில் தண்ணீர் இறங்குவது நின்றது.

“சார், இது உங்க வீட்டு லைன்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். பிளம்பர் ஃப்ளஷ் தொட்டிக்குள் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் கை வைக்காமலே கோப்பைக்குள் நீலம் வழிந்தது.

“அடியில இருக்குற ரப்பர் போச்சு சார். ராத்திரி பகலா ஓடிட்டிருக்கு. சத்தம் கேட்டிருக்குமே?”

மனைவி அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அந்த உபகாரம் அவரை இன்னும் குறுக வைத்தது.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். தையல்காரம்மா ஒரு பெரிய பையில் விரிப்புகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். உள் அறைக் கட்டிலில் அவள் கணவர் கிடந்தார். அந்த மனிதர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்ததும், படுத்த படுக்கையானதும் சொட்டு சாருக்குத் தெரியாததல்ல. நலம் விசாரித்துவிட்டும் போயிருக்கிறார். அந்த விரிப்புகள் எதனால் தினமும் நனைகின்றன என்று மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

“எங்கேம்மா கிளம்பிட்டீங்க?”

“அக்கா வீட்டுக்கு சார். பஸ்ல நாலு நிறுத்தம். அங்க துவைச்சுக்கிட்டு வந்துடுறேன்.”

“பத்து நாளாவா?”

அவள் பையின் வாயைக் கட்டினாள்.

“ஒழுகினது என் வீடும்மா. தப்பு என்னுது. மன்னிச்சுக்கங்க.” குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

“போர்டுல எல்லாரும் படிக்க எழுதினீங்க சார்” என்றாள் அவள், கோபமே இல்லாமல். “இப்ப என்கிட்ட மட்டும் சொல்றீங்க.”

அவர் நேரே பலகைக்குப் போனார். பழையதை அழித்துவிட்டு அதே கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘தண்ணீர் வீணானது என் வீட்டில். கீழ்வீட்டு அம்மாள் மீது பழி போட்டது என் தவறு.’ பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

செயலாளர் வேலையை விடுகிறேன் என்றார். ‘சரி சார்’ என்று உடனே ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் காதுக்குக் கருவி வாங்கி மாட்டிக்கொண்டார்.

தையல்காரம்மா திரும்பவும் வீட்டிலேயே துவைக்கத் தொடங்கினாள். ஆனால் காலையில் அவர் நடக்கப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் குழாயைத் திறக்கிறாள் என்று மனைவி சொன்னாள். அரைமணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கிறார். கால் வலித்தால் வழியில் எங்காவது உட்கார்ந்துகொள்கிறார்.