தாலி ஹல்துமுல்லையில், சோறு பசறையில்

கல்யாணமாகி ஒரு வருடம் வரைக்கும், எங்கள் கல்யாண வீடியோவை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. தாலி கட்டுவதைப் பார்க்க ஹல்துமுல்லைக்கு. விருந்தைப் பார்க்கப் பசறைக்கு. நடுவில் பதுளையில் குடியிருந்த எங்களிடம் ஒரு நிமிடப் படம்கூட இல்லை.

காரணம் இரண்டு லேப்டாப்புகள். சரியாகச் சொன்னால், அந்த லேப்டாப்புகளின் மேல் எங்கள் சொந்தக்காரர்கள் இருவர் வைத்திருந்த பக்தி.

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து டீச்சரானவள். என் கணவர் ஹல்துமுல்லைக்காரர். எல்ல என்கிற ஊரில் ஒரு ஹோட்டலில் வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. கல்யாணம் பேசி முடிந்து, நாள் குறித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. வீடியோ யார் எடுப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது.

என் பக்கத்தில் அத்தை மகன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், இருந்தார். பசறை டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். முறைப்படி என்னைக் கட்டியிருக்க வேண்டியவர். அத்தைக்கு அந்த ஆசை இருந்தது. எனக்கு இல்லை, அவருக்கும் இல்லை. அவர் மனசு முழுக்க அவருடைய கறுப்பு லேப்டாப்பில் இருந்தது. ஆனாலும் வெளியாளை வைத்து வீடியோ எடுத்தால், "பொண்ணும் குடுக்கல, வீடியோவும் குடுக்கல" என்று அத்தை வருகிற போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாப்பிள்ளை பக்கத்தில் என் கணவரின் அக்கா புருஷன். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கட்டாரில் வேலை செய்துவிட்டு வரும்போது நல்ல கேமரா ஒன்றும், வெள்ளி நிறத்தில் ஒரு லேப்டாப்பும் கொண்டுவந்திருந்தார். அந்த லேப்டாப்பை ஒரு மெத்தென்ற துணியால் துடைத்துவிட்டுத்தான் திறப்பார், மூடும்போதும் துடைப்பார். வீட்டுக்கு மூத்த மருமகன். அவரை விட்டுவிட்டு இன்னொருவர் கேமரா தூக்க முடியுமா?

இரண்டும் எந்தக் கம்பெனி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் சண்டை எங்கள் வீட்டிலேயே மறுபடி தொடங்கிவிடும். கறுப்பு, வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேருமே எடுங்க. தாலி கட்டி முடியிற வரைக்கும் மாப்பிள்ள பக்கம், விருந்து நம்ம பக்கம். பொறகு ரெண்டையும் ஒண்ணா சேத்துருங்க. குடும்பம் சேரயில வீடியோ சேராதா?"

அப்பா வாழ்க்கையில் கம்பியூட்டர் தொட்டதில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரியும்.

கல்யாணத்தன்று காலையில் பதுளை மண்டபத்தில், மணமகள் அறைக்கு வெளியே ஒரு மேசையில் இரண்டு லேப்டாப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. உள்ளே எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தும் எல்லாம் கேட்டது.

"மச்சான், இத வாங்கினதுலேருந்து ஒரு நாள் வைரஸ்னு வந்ததில்ல," என்றார் அண்ணன்.

"எப்பிடி வரும் மச்சான்? வெலையக் கேட்டதுமே வைரஸ் பயந்து ஓடிரும்," என்றார் அத்தான்.

"நல்ல சாமான்னா வெல இருக்கத்தான் செய்யும்."

"சரி, ஒடஞ்சா? என்னோடத பதுளை பஸ் ஸ்டாண்டுகிட்ட யார்கிட்ட குடுத்தாலும் பின்னேரம் செஞ்சு தந்துருவாங்க. ஒங்களதுல ஒரு ஆணி கழண்டா கொழும்புக்குல்ல போகணும்!"

"கழண்டாத்தானே போகணும்?"

தலையில் பூ குத்திக்கொண்டிருந்த என் சித்தி, "யாருடி அது, நெலத் தகராறா?" என்று கேட்டார்.

மணவறையில் நான் உட்கார்ந்தபோது அண்ணன் கேமராவோடு வலது பக்கம் நின்றார். முறை அவருடையது. ஆனால் அத்தானும் "சும்மா பாக்கத்தான்" என்று அவர் தோளுக்குப் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஐயர் மட்டும் மந்திரத்துக்கு நடுவில் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தலை குனிந்திருக்க வேண்டியவள் என்பதால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் தங்கள் தங்கள் பங்கை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு முடித்தார்கள். இனிச் சேர்ப்பதுதான் பாக்கி. அண்ணன் தன் ஹார்ட் டிஸ்க்கை என் கணவரிடம் கொடுத்துப் பசறைக்கு அனுப்பினார். மறுநாள் நான் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது அத்தான் போன் எடுத்தார்.

"புள்ள, அவரு டிஸ்க்கக் குத்தினேன். இந்த டிஸ்க் எனக்கு வெளங்கலன்னு சொல்லுது. ஒன் கல்யாணத்த அழிச்சிரவான்னு கேக்குது. என்ன சொல்ல?"

"ஐயோ, வேணாம்னு சொல்லுங்க! அழிச்சிராதீங்க அத்தான்! எனக்கு அந்தக் கல்யாணம் வேணும்!"

ஸ்டாஃப் ரூமில் சிவப்புப் பேனாக்கள் எல்லாம் நின்றுவிட்டன. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத டீச்சர், இன்னொரு ஆணிடம் போனில் இப்படிக் கத்தினால் யார்தான் திருத்திக்கொண்டிருப்பார்கள்? அன்று இடைவேளை முழுக்க நான் ஹார்ட் டிஸ்க் பற்றி விளக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூட அதிபர் கடைசிவரை நம்பவில்லை. "எந்தப் பிரச்சினைன்னாலும் பேசித் தீத்துக்கலாம் டீச்சர்," என்றுதான் சொன்னார்.

அடுத்து அத்தானின் டிஸ்க் ஹல்துமுல்லைக்குப் போனது. வெள்ளி அதைத் திறந்தது. ஆனால் அதில் ஓர் எழுத்துக்கூட எழுத விடவில்லை. "பாக்க விடுது தங்கச்சி, தொட விட மாட்டேங்குது," என்று அண்ணன் வருத்தப்பட்டார்.

"நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல நான் இருந்த மாதிரி," என்றார் என் கணவர்.

அதோடு போகவில்லை. அத்தான் வெட்டி ஒட்டிய வேலையெல்லாம் அவருடைய சாப்ட்வேரில் மட்டும்தான் திறக்கும். அண்ணனுடையது அண்ணனுடையதில் மட்டும். தமிழ் எழுத்தும் கூட வழி மாறிப்போனது. கறுப்பில் பூ வளையத்துக்குள் அழகாக இருந்த எங்கள் இருவரின் பெயரும் வெள்ளியில் கமாவும் கேள்விக்குறியுமாக வந்தன. என் பெயரில் கேள்விக்குறி அதிகம்.

இப்படியே இழுத்துக்கொண்டு போக, ஊரில் பொறுமை போய்விட்டது. எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளில் இருக்கிற சனம் கேட்டுக்கேட்டு, ஒருநாள் அத்தான் தன் பாதியை மட்டும் கொண்டுவந்து என் அப்பா வீட்டு டிவியில் போட்டுக் காட்டினார். அக்கம்பக்கத்தார் பாயில் நெருக்கி உட்கார்ந்தார்கள். படம் தொடங்கியதும் நானும் கணவரும் மாலையும் கழுத்துமாக இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்த வீட்டு மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டி, தாலி கட்டாமலே சாப்புட ஒக்காந்துட்டீங்க?"

ஹல்துமுல்லையில் இதற்கு நேர்மாறு. அங்கே தாலி கட்டி, அட்சதை போட்டு, கும்பிட்டதும் படம் முடிந்துவிடும். பார்க்க வந்த ஒரு பெரியவர், "எல்லாஞ் சரி. பொண்ணு வீட்டுல ஒரு வாய் சோறு போடலயா?" என்று கேட்டுவிட்டார். விருந்துப் பொறுப்பு எங்கள் பக்கத்துடையது. அப்பா அன்று முழுக்க அடுப்படிக்கும் பந்திக்குமாக ஓடித் திரிந்தவர். அந்தப் பேச்சு எப்படியோ மலை இறங்கி, மலை ஏறி அப்பாவின் காதுக்கு வந்துவிட்டது. இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை. "எந்தப் பொட்டிக்குள்ளயாவது எஞ் சோத்தப் பூட்டி வச்சிருக்கானுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.

இதற்கு மேல் விட்டால் சம்பந்தி சண்டைதான். ஒரு பௌர்ணமி போயா விடுமுறையன்று இரண்டு பேரையும் லேப்டாப்போடு பதுளைக்குச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். கோழிக்கறி வைத்தேன். சாப்பாடு முடியும்வரை இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். கை கழுவிவிட்டு வந்ததும் தொடங்கியது.

"மச்சான், கோவிக்காதீங்க," என்றார் அத்தான். "ஒங்களது கோழிக்கூடு. உள்ள போகலாம், வெளிய வர ஏலாது. போனு அந்தக் கம்பெனிக்காரன்ட, வயரு அவன்ட, பாட்டுக் கேக்குறதும் அவன்ட. நாளைக்கு வேற மெசின் வாங்கணும்னா எல்லாத்தயும் அங்கயே விட்டுட்டுல்ல வரணும்."

"கூடுன்னா நரி வராது. ஒங்களது சந்தி மடம். யாரும் வரலாம், என்னத்தயும் போட்டுட்டுப் போகலாம்."

"அப்ப ஒங்க வேலைய வேற மெசின்ல தொறந்து காட்டுங்க பாப்போம்!"

"ஒங்களதும் தொறக்கலயே! ஒங்க சாப்ட்வேர் மட்டும் கதவத் தொறந்து வச்சிட்டா இருக்கு?"

நான் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து கேட்டேன்: "வெட்டி ஒட்டினதெல்லாம் கிடக்கட்டும். ரெண்டு பேரும் அவங்கவங்க பாதிய சாதாரண வீடியோவா ஆக்கி ஒரு பென் டிரைவ்ல போட்டா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா டிவியில ஓடாதா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பல மாதத்தில் முதல் தடவையாக ஒரே கட்சியில் நின்றார்கள்.

"ஓடும்... ஆனா குவாலிட்டி போயிரும்," என்றார் அண்ணன்.

"ஆமா புள்ள, குவாலிட்டி போயிரும்," என்றார் அத்தான்.

"போகட்டும்," என்றார் என் கணவர். ஹோட்டலில் கோபக்கார விருந்தாளிகளிடம் பேசுகிற அதே மென்மையான குரல். "போடுங்க, ரெண்டு பேரும்."

போடத் தொடங்கியதும் கரண்ட் போனது. கறுப்பு அந்த நொடியே அணைந்தது. அதன் பேட்டரி போய் வெகுகாலம். வெள்ளி அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தத் துணியை எடுத்து மெதுவாகத் துடைத்தார். கரண்ட் வந்ததும் கறுப்பு, அப்டேட் நடக்கிறது, தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்றது. அண்ணன் இன்னொரு தடவை துடைத்தார். ஆனால் பென் டிரைவைக் குத்தப் போனபோது வெள்ளியில் அதற்கு ஓட்டையே இல்லை என்று தெரிந்தது. அதற்கொரு தனி வயர் வேண்டுமாம். அது ஹல்துமுல்லையில் இருந்தது. அத்தான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். சிரிப்பை அடக்கத்தான் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். என் கணவர் வழக்கம்போல டவுனுக்கு ஓடி அந்த வயரை வாங்கி வந்தார்.

பின்னேரம் ஒருவழியாக டிவியில் எங்கள் கல்யாணம் ஓடியது. தாலி கட்டும் நேரம் வந்தது. ஹல்துமுல்லையில் பார்த்தபோதெல்லாம் அந்த இடத்தில் ஏதோ ஒரு பாட்டுத்தான் பலமாக ஓடும். சாதாரண வீடியோவாக மாற்றிய அவசரத்தில் அந்தப் பாட்டுச் சேரவில்லை. மண்டபத்தின் சொந்தச் சத்தம் கேட்டது. மேளத்துக்கு மேலே, கேமராவுக்குப் பக்கத்திலேயே, தெளிவாக இரண்டு குரல்கள்.

"அந்தச் சார்ஜர் வயரு பிஞ்சா வேற வயரு சரிவராதில்ல?"

"பேசாம இருங்க மச்சான், தாலி கட்டப் போறாங்க."

"கட்டட்டும். சரிவருமா, வராதா?"

"வராது! போதுமா?"

அந்த "போதுமா" வந்த நொடியில்தான் என் கணவர் என் கழுத்தில் முடிச்சுப் போடுகிறார். தொடர்ந்து ஐயரின் குரல்: "தம்பிமாரே, ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க."

குவாலிட்டி போயிரும் என்று அண்ணன் இழுத்தடித்தது இதற்குத்தான். அந்தப் பேச்சை மட்டும் பிரித்தெடுக்க எவ்வளவோ முயன்றிருக்கிறார். மேளத்தோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றிருக்கிறது. கடைசியில் மேலே பாட்டைப் போட்டு மூடிவிட்டார். "மன்னிச்சிரு தங்கச்சி," என்றார். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்திருந்தது. என் கணவர் நாற்காலியிலிருந்து கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அத்தானின் பாதி. இலை போட்டிருக்கிறார்கள், அப்பா குனிந்து பரிமாறுகிறார், என் சித்தி அப்பளம் கேட்கிறார். கேமரா மெல்ல நகர்ந்து, பரிசுப் பொட்டிகளுக்குப் பக்கத்திலிருந்த வெள்ளி லேப்டாப்பில் போய் நின்றது. நின்றது நின்றபடியே. மூடியை ஒரு தடவை, ஓரத்தை ஒரு தடவை, கிட்டப் போய்க் கீபோர்டை ஒரு தடவை. அவ்வளவு கிட்டத்தில் அவர் என்னைக்கூட எடுக்கவில்லை.

"போகஸ் சரியான்னு பாத்தேன்," என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல்.

அண்ணன் தன் லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளி, "கொஞ்சம் அடிச்சுப் பாருங்க மச்சான்," என்றார். அத்தான் சட்டையில் இரண்டு கையையும் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். "கீ நல்லா மெத்துன்னு இருக்கு," என்றார். உடனேயே, "ஆனா தமிழ் அடிக்கக் கரச்சல்," என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வீடியோவில் எதையும் வெட்ட விடவில்லை. அப்பாவுக்குத் தன் சோறு ஹல்துமுல்லைவரை போய்ச் சேர்ந்ததில் திருப்தி. லயத்தில் இன்றும் அதைப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். ஐயர் பேசும் இடம் வந்தால் பிள்ளைகள் அவருக்கு முன்னால் சொல்லிவிடுகின்றன.

போன வருடம் பள்ளிக்கூட வேலைக்கு எனக்கே ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. யாரிடமும் கேட்காமல், நானும் கணவரும் பதுளையில் ஒரு கடைக்குப் போய், கறுப்பும் இல்லாத வெள்ளியும் இல்லாத ஒரு சாம்பல் நிறத்தை வாங்கி வந்தோம். பெயர்கூட இதுவரை கேள்விப்படாதது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. அண்ணனோ அத்தானோ வருவதாகப் போன் வந்தால் மட்டும், அதை என் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டிவிடுவேன்.